ஸ்கேனர் பேசாத காரில் நாக்கிங்: கிளாசிக் கார் துறையில் பெயர் வாங்க 11 படிகள்

ஓபிடி போர்ட்டில் ஸ்கேனரைச் செருகி, ஃபால்ட் கோடைப் படித்து, அது சொன்ன பார்ட்டை மாற்றத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஐம்பது பேர் இருக்கிறார்கள். ஐம்பத்தோராவது ஆளாகப் போய் நின்றால் சம்பளத்தை முதலாளி சொல்வார், நீங்கள் தலையாட்டுவீர்கள்.

அதே ஐம்பது பேர் முன்னால் அறுபதுகளின் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நிறுத்துங்கள். போர்ட் கிடையாது. இசியு கிடையாது. நாக் சென்சாரும் கிடையாது. மேட்டில் ஏறும்போது பானட்டுக்குள் யாரோ ஆணிகளைக் குலுக்குவதுபோல் 'கிணுகிணு' என்று ஒரு சத்தம். ஓனர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார். பாதிப் பேர் டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் திருப்பி, சத்தத்தை அமுக்கி, காரை அனுப்பிவிடுவார்கள். மூன்று வாரத்தில் வண்டி திரும்பி வரும், அல்லது வேறு கடைக்குப் போய்விடும்.

நீங்கள் அந்த 'வேறு கடை'யின் ஆள் ஆக வேண்டும். அதற்குக் காது மட்டும் போதாது. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை வேண்டும். சத்தத்தை நிறுத்தினால் அன்றைய கூலி கிடைக்கும். காரணத்தை வரிசையாக நிரூபித்து எழுதிக் கொடுத்தால் அடுத்த காரும் உங்களிடமே வரும்.

உதாரணத்துக்கு ஒரே காரை எடுத்துக்கொள்வோம்: எம்ஜிபி. இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை, எல்லா வகையும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் தயாரான கார். 1,798 சிசி, நான்கு சிலிண்டர், பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்றும் ஏராளமாக ஓடுகிறது. ஆகவே வேலையும் ஏராளம். இதில் கற்றது அந்தக் காலத்துப் பாயிண்ட், கார்புரேட்டர் கார்கள் எல்லாவற்றுக்கும் கை கொடுக்கும்.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் ஐந்து கேள்வி

ஓனரிடம் இவற்றைக் கேளுங்கள். பதிலை ஜாப் கார்டில் எழுதுங்கள்.

சத்தம் எந்த கியரில், எந்த ஆர்பிஎம்மில் வருகிறது? ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போதா, லேசாக மிதித்து ஒரே வேகத்தில் போகும்போதா? எஞ்சின் சூடான பிறகு மட்டுமா? என்ன பெட்ரோல் போடுகிறீர்கள்? கடைசியாக இந்த எஞ்சினைத் தொட்டது யார், என்ன செய்தார்?

ஐந்தாவது கேள்விதான் தங்கச் சுரங்கம். பாயிண்டின் ஹீல் தேயத் தேய இடைவெளி குறையும். டைமிங் பின்னால்தான் போகும், அதாவது ரிடார்ட் ஆகும். தேய்மானத்தால் நாக்கிங் திடீரென்று முளைப்பது அபூர்வம். 'போன மாதம் சர்வீஸ் விட்டேன், அதற்கப்புறம்தான்' என்று ஓனர் சொன்னால் உங்கள் வேலை பாதி முடிந்தது. ஆனால் முன்னால் வேலை பார்த்தவரை ஓனரிடம் குறை சொல்லாதீர்கள். துறை சின்னது. இன்று நீங்கள் கேலி செய்த ஆள் நாளை உங்கள் இண்டர்வியூவில் எதிர் நாற்காலியில் இருப்பார்.

2. எல்லாச் சத்தமும் நாக்கிங் அல்ல

பெயரைத் தப்பாக வைத்தால் அதன் பிறகு செய்வதெல்லாம் தப்பு. குறைந்தது இந்த ஐந்தைப் பிரிக்கத் தெரிய வேண்டும்.

டிட்டனேஷன்: பிரிட்டிஷ் மெக்கானிக்குகள் பிங்கிங் என்பார்கள். பிளக் பற்றவைத்த தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் மிச்சமுள்ள கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே வெடிக்கிறது. லோடில் மட்டும் வரும். மெல்லிய, கூர்மையான உலோகச் சத்தம். 80 மில்லிமீட்டர் போர் உள்ள சிலிண்டரில் அந்த அதிர்வு 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும்.

ப்ரீ-இக்னிஷன்: ஸ்பார்க்குக்கு முன்பே சிவந்த கார்பனோ, சூடேறிய பிளக்கோ கலவையைப் பற்றவைத்துவிடுகிறது. இது பிஸ்டனை ஓட்டை போடும் ஆள். சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் இருமிக்கொண்டே ஓடினால், அந்த ரன்-ஆன் உள்ளே சூடான புள்ளி இருக்கலாம் என்று சொல்கிறது.

பிக்-எண்ட்: கனமான 'டொக் டொக்'. சந்தேகப்படும் சிலிண்டரின் பிளக்கைச் செயலிழக்கச் செய்தால் சத்தம் குறையும். ஆயில் பிரஷரும் துப்புக் கொடுக்கும்.

டேப்பட்: லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே சீரான டிக் டிக்.

பிஸ்டன் ஸ்லாப்: குளிர்ந்த எஞ்சினில் வரும், சூடானதும் அடங்கும்.

சந்தேகம் தீர எளிய வழி ஒன்று உண்டு. டைமிங்கை 4 டிகிரி ரிடார்ட் செய்து அதே மேட்டில் ஓட்டுங்கள். சத்தம் போனால் பிங்கிங். அப்படியே இருந்தால் மெக்கானிக்கல். டெஸ்ட் முடிந்ததும் பழைய இடத்துக்கே டைமிங்கைக் கொண்டுவாருங்கள். இது பரிசோதனை மட்டும்தான், இதையே வைத்தியமாக விட்டுவிடாதீர்கள். ரிடார்ட் ஆன எஞ்சின் பவரை இழக்கும், எக்ஸாஸ்ட் வழியாகச் சூட்டைக் கொட்டும். அந்தச் சூடே அடுத்த புகாராக வரும்.

3. தியரியை ஒரு நிமிடத்தில் சொல்லத் தெரியணும்

இண்டர்வியூவில் 'அட்வான்ஸ் எதற்கு?' என்று கேட்டால் பலர் 'பவருக்கு' என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தைத் தொடவேண்டிய இடம் டாப் டெட் சென்டரை (டிடிசி) தாண்டி ஏறத்தாழ 15 டிகிரி. தீ பரவ நேரம் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும். 600 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு நொடிக்கு 3,600 டிகிரி சுற்றுகிறது. 14 டிகிரி கடக்க ஏறக்குறைய 3.9 மில்லிசெகண்ட் ஆகும். 3,000 ஆர்பிஎம்மில் 32 டிகிரி கடக்க 1.8 மில்லிசெகண்ட்தான். வேகம் ஏற ஏற ஸ்பார்க் ஏன் முன்னால் வரவேண்டும் என்பது இந்த இரண்டு எண்ணிலேயே புரிந்துவிடும்.

ஸ்பார்க் மிகவும் முன்னால் வந்தால், பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் எகிறும். மிச்சக் கலவை வெடிக்கும். எஞ்சின் சூடு, லீன் கலவை, குறைந்த ஆக்டேன், அளவுக்கு மீறிய கம்ப்ரஷன் நான்கும் அதே வெடிப்புக்குத் துணைபோகும். உங்கள் செக்லிஸ்ட் அவ்வளவுதான்: டைமிங், சூடு, கலவை, பெட்ரோல், கம்ப்ரஷன்.

4. டெஸ்ட் டிரைவ் என்றால் டெஸ்ட்

கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு அடிப்பது டெஸ்ட் அல்ல. எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். டாப் கியர், 2,000 முதல் 3,000 ஆர்பிஎம், ஏற்றமான ரோடு. முழு திராட்டில் கொடுங்கள், சத்தம் கேட்டதும் காலை எடுங்கள். பிறகு அதே வேகத்தில் லேசான திராட்டிலில் கேளுங்கள்.

இப்போது முக்கியமான தந்திரம். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் அட்வான்ஸுக்குப் போகும் பைப்பைக் கழற்றி, கார்புரேட்டர் அல்லது மேனிஃபோல்டு பக்கம் உள்ள வாயை அடைத்துவிட்டு அதே ரோட்டில் மறுபடி ஓட்டுங்கள்.

லேசான திராட்டிலில் வந்த சத்தம் காணாமல் போனால் குற்றவாளி வேக்யூம் யூனிட். முழு திராட்டில் சத்தம் அப்படியே இருந்தால் வேக்யூமுக்கு அதில் சம்பந்தமில்லை; முழு திராட்டிலில் வேக்யூமே இருக்காது. பேஸ் டைமிங், வெயிட், ஸ்பிரிங் பக்கம் போங்கள். பத்து நிமிட வேலை, செலவு பூஜ்யம், சந்தேகப் பட்டியலில் பாதி காலி. சீனியர்கள் கவனிப்பது இதைத்தான்: இந்தப் பையன் காசு செலவழிக்காமல் எவ்வளவு தூரம் போகிறான்?

5. காசு கேட்காத செக்கிங் முதலில்

டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடும் முன் இந்த நான்கையும் முடியுங்கள்.

அ) கார்புரேட்டர் டேஷ்பாட் ஆயில். எம்ஜிபியில் பெரும்பாலும் இரட்டை எஸ்யு கார்புரேட்டர். மேலே உள்ள டேம்பர் மூடியைத் திறந்து ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிலரேட்டரைத் திடீரென்று மிதிக்கும்போது உள்ளே உள்ள பிஸ்டன் சட்டென்று எழும்பாமல் தடுப்பது அந்த ஆயில். அது வற்றினால் மிதித்த நொடியில் கலவை லீன் ஆகும். ஒரு தடுமாற்றம், கூடவே சத்தம்.

ஆ) கூலன்ட், தெர்மோஸ்டாட். எம்ஜிபியின் ஸ்டாண்டர்டு தெர்மோஸ்டாட் 82 டிகிரி செல்சியஸ். சூடான நாடுகளுக்கு 74. கேஜ் வழக்கத்தைவிட மேலே நின்றால் முதலில் சூட்டைச் சரி செய்யுங்கள்.

இ) பிளக். நான்கையும் கழற்றி வரிசையாக அடுக்கி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் போர்சலின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் டிட்டனேஷன் நடந்திருக்கிறது. அலுமினியம் வந்தது பிஸ்டனிலிருந்து. போட்டோ எடுத்து வையுங்கள். ஓனரிடம் ஆயிரம் வார்த்தை பேசுவதை அது மிச்சப்படுத்தும்.

பிளக்கின் ஹீட் ரேஞ்சில் ஒரு பொறி இருக்கிறது. எம்ஜிபிக்குச் சாம்பியன் என்9ஒய் அல்லது அதற்கு ஈடான என்ஜிகே பிபி6ஈஎஸ் போடுவார்கள். என்ஜிகேயில் எண் ஏறினால் பிளக் குளிர்ச்சி. சாம்பியனில் எண் ஏறினால் பிளக் சூடு. இது தெரியாமல் 'ஒரு நம்பர் கூட்டிப் போடு, கூலா இருக்கும்' என்று சூடான பிளக்கை மாட்டிவிட்ட கார்கள் உண்டு.

ஈ) பெட்ரோல். பிரிட்டனில் லெட் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிந்தது. 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல், எத்தனால் கூடுதலாகக் கலந்த இ10 ஆகிவிட்டது. எத்தனால் கூடும்போது, கார்புரேட்டரைச் சரிசெய்யாவிட்டால் கலவை சற்று லீன் ஆகும். ஆகவே 97 ஆக்டேனுக்கு மேற்பட்ட சூப்பர் பெட்ரோல் ஒரு டேங்க் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். சத்தம் குறைந்தால் அது ஒரு தடயம். அதையே தீர்ப்பாக எழுதிவிடாதீர்கள்.

இதில் இன்னொரு குழப்பம். பெட்ரோலுக்கு உதவும் என்று 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த டெட்ராஎத்தில் லெட் இரண்டு வேலை பார்த்தது: நாக்கிங்கை அடக்கியது, வால்வ் சீட் தேயாமலும் காத்தது. இன்று விற்கும் பாட்டில் அடிட்டிவ்களில் சில வால்வ் சீட்டை மட்டும்தான் காக்கும், ஆக்டேனைக் கூட்டாது. லேபிளைப் படித்துவிட்டு ஓனருக்குச் சொல்லுங்கள்.

6. குறியை நம்பாதீர்கள், சரிபாருங்கள்

டைமிங் லைட் காட்டுவது கிராங்க் புல்லியில் உள்ள வெட்டு, டைமிங் கவரின் முள்ளுக்கு நேரே எப்போது வருகிறது என்பதை மட்டுமே. புல்லியின் வெளிவளையம் ரப்பரில் ஒட்டியிருக்கும் ரகமாக இருந்தால், ரப்பர் பழசாகி வளையம் நகர்ந்திருக்கலாம். எஞ்சின் மாறியிருக்கலாம், கவர் மாறியிருக்கலாம். குறி பொய் என்றால் மில்லிமீட்டர் சுத்தமாக வைத்த டைமிங்கும் பொய்.

சோதிக்கும் முறை: பேட்டரியைக் கழற்றுங்கள். எல்லா பிளக்கையும் எடுத்துவிட்டு, ஒன்றாம் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை மாட்டுங்கள். கிராங்க்கைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் திருப்புங்கள். பிஸ்டன் முட்டி நிற்கும் இடத்தில் முள்ளுக்கு நேரே புல்லியில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் திருப்புங்கள், முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதிதான் உண்மையான டாப் டெட் சென்டர். பழைய வெட்டு அங்கே இல்லையென்றால் வெள்ளைப் பெயிண்டில் புதுக் குறி போடுங்கள், ஜாப் கார்டில் எழுதுங்கள். இதைச் செய்பவர்கள் குறைவு. அதனாலேயே இதைச் செய்தவரின் பெயர் நிற்கும்.

7. முதலில் பாயிண்ட், பிறகுதான் டைமிங்

வரிசை மாறினால் வேலை வீண். பாயிண்ட் இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும். டைமிங்கை வைத்துவிட்டு அப்புறம் பாயிண்டைத் தொட்டால், வைத்த டைமிங் போச்சு.

எம்ஜிபியில் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜைவிட டிவெல் மீட்டர் நம்பகமானது: 25டி4 மாடலுக்கு 60 டிகிரி, கூடக்குறைய 3, பின்னால் வந்த 45டி4 மாடலுக்கு 51 டிகிரி, கூடக்குறைய 5. எந்த மாடல் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே மாட்டுவார்.

அடுத்து டைமிங். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஆகவே டிஸ்ட்ரிபியூட்டர் உடலைக் கடிகாரத் திசையில் திருப்பினால் அட்வான்ஸ். 18ஜி, 18ஜிஏ என்று தொடங்கும் ஆரம்பகால ஹை-கம்ப்ரஷன் எஞ்சினுக்கு ஸ்டாட்டிக் டைமிங் டிடிசிக்கு முன் 10 டிகிரி. ஸ்ட்ரோப் லைட்டில் 600 ஆர்பிஎம்மில் 14 டிகிரி, வேக்யூம் பைப் கழற்றி அடைத்த நிலையில். பின்னால் வந்த 18வி எஞ்சின்களுக்கு எண்கள் வேறு, அமெரிக்காவுக்குப் போனவற்றுக்கு இன்னும் வேறு. எஞ்சின் நம்பரைப் படித்துவிட்டு மேனுவலைத் திறங்கள். 'எனக்கு மனசுல இருக்கு சார்' என்பது திறமை இல்லை.

பாதுகாப்பு பற்றி ஒரே வரி: பழைய எம்ஜிபியில் ஃபேன் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும், ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் நிற்பதுபோலவே தெரியும். தளர்ந்த ஸ்லீவ், கழுத்து ஐடி கார்டு இரண்டும் வேண்டாம்.

8. அட்வான்ஸ் கர்வைப் பாருங்கள், பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்

ஐடிலில் டைமிங் சரி, ஆனாலும் மேட்டில் சத்தம். ஏன்? ஐடிலில் சரியாக இருப்பது 3,000 ஆர்பிஎம்மில் சரியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடுவில், வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முன்னால் தள்ளும் வெயிட்டும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். ரோட்டரை விரலால் சுற்றும் திசையில் லேசாகத் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்துச் சட்டென்று திரும்ப வர வேண்டும். மந்தமாக வந்தால் வெயிட் பிவட்டில் கிரீஸ் காய்ந்திருக்கிறது. வராமலே நின்றால் சிக்கியிருக்கிறது. அட்வான்ஸ் ஆன நிலையில் சிக்கியிருந்தால் நீங்கள் தேடிய நாக்கிங் அதுதான்.

வேக்யூம் யூனிட்டுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். பைப்பை வாயில் வைத்து உறிஞ்சுங்கள். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகடு நகர வேண்டும். நாக்கு நுனியால் பைப்பை அடைத்துப் பிடியுங்கள். தகடு அங்கேயே நிற்க வேண்டும். நழுவித் திரும்பினால் டயஃபிரம் கிழிந்திருக்கிறது. விட்ட பிறகும் திரும்பாவிட்டால் தகடு சிக்கியிருக்கிறது.

இனி கணக்கு. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில், பாயிண்ட் தகட்டுக்குக் கீழே உள்ள கேம் பாதத்தில் ஓர் எண் குத்தியிருக்கும். அது மெக்கானிக்கல் அட்வான்ஸின் உச்சம். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரியில். டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுவது கிராங்க்கின் பாதி வேகத்தில்; ஆகவே இரண்டால் பெருக்க வேண்டும். 10 என்று இருந்தால் கிராங்க்கில் 20. ஸ்டாட்டிக் 10-ஐச் சேர்த்தால் மொத்தம் 30. எங்கோ கிடைத்த வேறு டிஸ்ட்ரிபியூட்டரை யாரோ மாட்டியிருந்து, அதில் 15 என்று இருந்தால்? 30-உடன் 10, மொத்தம் 40. ஐடிலில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், மேட்டில்தான் குட்டு உடையும்.

அட்வான்ஸ் டயல் உள்ள டைமிங் லைட் வாங்குங்கள். வேக்யூமை அடைத்துவிட்டு, 600-இலிருந்து 500 ஆர்பிஎம் இடைவெளியில் 3,600 வரை எண்ணைக் குறித்து ஒரு வரைபடம் போடுங்கள். இந்த எஞ்சினில் மொத்தம் 32 டிகிரி வாக்கில் நிற்க வேண்டும் என்பது பி-சீரிஸில் பழகியவர்கள் பரவலாகச் சொல்லும் அளவு. ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் குறி ஓரிடத்தில் நிற்காமல் துள்ளினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கலாம். அந்த நிலையில் எந்த டைமிங்கும் நிலைக்காது.

அந்த வரைபடத்தின் காப்பி ஒன்றை உங்கள் ஃபைலில் வையுங்கள். இப்படிப் பத்து கார்களின் கர்வ் சேர்ந்தால் அது ரெஸ்யூமேயில் எழுதும் 'ஹார்டுவொர்க்கிங்' என்ற சொல்லைவிடக் கனமானது.

9. டைமிங் சரி என்றால் அடுத்த கதவு

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் இருந்தால் கலவை, கம்ப்ரஷன் இரண்டுதான் மிச்சம்.

எஸ்யு கார்புரேட்டரின் பக்கத்தில் லிஃப்டிங் பின் இருக்கும். அதைக் கொண்டு பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் ஏறி அங்கேயே நின்றால் ரிச். லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. இறங்கித் தடுமாறினால் லீன். லீன் என்றால் உடனே ஜெட் நட்டைத் திருகாதீர்கள். திராட்டில் ஸ்பிண்டில் தேய்மானம், மேனிஃபோல்டு காஸ்கெட் கசிவு, கிழிந்த ஹோஸ் என எங்கிருந்தாவது திருட்டுக் காற்று நுழைகிறதா என்று பாருங்கள். ஓட்டையை விட்டுவிட்டு ஜெட்டை இறக்கினால் ஐடில் கெடும், மேட்டில் சத்தம் மிஞ்சும்.

கம்ப்ரஷன் டெஸ்டில் நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வழக்கத்தைவிட எல்லாமே உயரமாக இருந்தால் ஹெட்டைப் பலமுறை ஸ்கிம் செய்திருக்கலாம், அல்லது கார்பன் படிந்திருக்கலாம். வருடக்கணக்கில் கடைத்தெருவுக்கு மட்டும் போய்வந்த காரில் கார்பன் சகஜம். ஹெட்டைக் கழற்றுவது கடைசிப் படி. முதல் நாளே 'ஹெட் இறக்கணும்' என்று சொல்பவரிடம் ஓனர்கள் உஷாராகிவிடுவார்கள்.

10. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதுவும் எழுத்தில்

பாயிண்ட், பிளக், டைமிங், ஜெட் நான்கையும் ஒரே மதியத்தில் மாற்றி, சத்தம் போய்விட்டது என்று வையுங்கள். எதனால் போனது? உங்களுக்கும் தெரியாது. மறுபடி வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று வரி போதும்: முன்பு என்ன எண், இப்போது என்ன எண், ரோட்டில் என்ன மாறியது.

காரை ஒப்படைக்கும்போது ஓனரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் புகார் சொன்ன அதே வகை மேட்டில் ஓட்டிக் காட்டுங்கள். பிறகு பேச்சு இப்படி இருக்கட்டும்: 'சார், உங்க டிஸ்ட்ரிபியூட்டர்ல ஒரு வெயிட் ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. 2,000 ஆர்பிஎம்லயே 32 டிகிரி வந்துட்டிருந்தது. இப்ப 3,000 தாண்டித்தான் 32 தொடுது. இதோ பழைய கிராஃப், இதோ புதுசு.' ஜார்கன் இல்லை, பயமுறுத்தல் இல்லை. இரண்டு காகிதம் பேசிவிடும். கிளாசிக் கார் ஓனர்கள் கிளப்பில் சந்திப்பவர்கள். ஒருவருக்குக் காட்டிய கிராஃபை பத்துப் பேர் பார்ப்பார்கள்.

பிரிட்டனில் 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 வயது தாண்டிய கார்களுக்கு வருடாந்தர எம்ஓடி தகுதிச் சோதனை கட்டாயமில்லை. கண்டிஷனாக வைத்திருக்கும் பொறுப்பு ஓனர் தலையில். எழுதிக் கொடுக்கும் மெக்கானிக்குக்கு அங்கே மதிப்பு கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

11. எங்கே கற்பது, எதில் பழகுவது

எம்ஜிபி கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். நம் ஊர் பழைய பெட்ரோல் அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சின் அதே பிஎம்சி பி-சீரிஸ் குடும்பம். ஃபயரிங் ஆர்டர் அதே, பாயிண்ட், வெயிட், வேக்யூம் தத்துவமும் அதே. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டிலிருந்து வந்தது. இந்த வண்டிகளில் கை கறுத்த மூத்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அண்ணனிடம் போய் நின்று, டூல் எடுத்துக் கொடுத்து, கேள்வி கேளுங்கள். அவர் காதில் இருப்பதை உங்கள் நோட்டில் எண்ணாக்குங்கள். அந்தக் கலவை இன்று பலரிடம் இல்லை.

சர்டிஃபிகேட் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் பைஸ்டரில் ஹெரிடேஜ் ஸ்கில்ஸ் அகாடமி கிளாசிக் வாகனத்துக்கென்றே அப்ரெண்டிஸ்ஷிப் நடத்துகிறது. அமெரிக்காவில் கான்சாஸின் மெக்ஃபர்சன் கல்லூரி ஆட்டோமோட்டிவ் ரெஸ்டொரேஷனில் நான்கு வருட டிகிரியே தருகிறது.

புதுசையும் விடாதீர்கள். 123இக்னிஷன் போன்ற எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர்களில் கர்வைத் தேர்ந்தெடுக்கலாம். சில மாடல்களில் போனிலேயே வரைந்து ஏற்றலாம். லேப்டாப் தெரிந்த பையனுக்கு இது சாதகம் என்று நினைக்காதீர்கள். தப்பான கர்வை ஏற்றினால் அதே நாக்கிங்தான், விலை மட்டும் அதிகம். எட்டாம் படியைக் கையால் செய்து பழகியவர்தான் இதில் கர்வை நம்பிக்கையோடு வரைவார். ரோலிங் ரோட்டில் (உருளைகள் மேல் காரை ஓட்டும் மேடை) லோடு கொடுத்து டியூன் செய்யும் வாய்ப்பு கிடைத்தால், சம்பளமில்லாத சனிக்கிழமை என்றாலும் போங்கள்.

கடைசியாக, காசு விஷயம். டயக்னோசிஸை இலவசமாகச் செய்து, பார்ட் விற்ற லாபத்தில் ஈடுகட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது உங்களைப் பார்ட் மாற்ற வைக்கும், யோசிக்க விடாது. 'கண்டுபிடிக்க இத்தனை மணி நேரம், அதற்கு இவ்வளவு. ரிப்பேர் தனி' என்று வேலை எடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள். முதலில் சிலர் முகம் சுளிப்பார்கள். கையில் கிராஃப், பிளக் போட்டோ, டிடிசி குறித்த குறிப்பு மூன்றும் கொடுங்கள். இரண்டாம் தடவை அதே ஓனர் ரேட் கேட்காமல் காரை விட்டுப்போவார். வேலைக்குச் சேரும் இடத்திலும் இதையே பேரம் பேசுங்கள்: மாதச் சம்பளத்தோடு, டயக்னோசிஸ் மணி நேரத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு.